பாசுமதிச் சாக்குக்குள் ஓர் அத்திமரம்

எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா கெடு வைத்தது ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமையில். குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் வந்தவர், கராஜ் சுவரை ஒட்டி நின்ற என் அத்தியை ஏற இறங்கப் பார்த்தார். என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. இலை ஒவ்வொன்றும் விரித்த கை அகலம். காய்களும் இருந்தன, கோலிக்குண்டு அளவில், அதே கெட்டியில். இன்னும் ஒரு வாரத்தில் உறைபனி விழும், அத்தனையும் கறுத்து உதிரும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இந்தப் புதர் மூன்று வருடமாக இலை மட்டும்தான் போடுகிறது," என்றார் ஆங்கிலத்தில். "அடுத்த செப்டம்பரில் லேபர் டே விடுமுறை வரைக்கும் பார்க்கிறேன். அதற்குள் இதிலிருந்து ஒரு பழமாவது நான் தின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கே கான்கிரீட் போட்டு இன்னொரு காரை நிறுத்திக்கொள்கிறேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கே மாடி வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்திருக்கும். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பிறந்த வீட்டிலேயே பேர் எடுத்தவள் நான். அவர் அதைப் புதர் என்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. அது மரம்.

ஆனால் அவர்மேல் குற்றம் சொல்லவும் வழியில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கீழே அவர், மாடியில் வாடகைக்கு நாங்கள். கராஜை ஒட்டிய அந்தப் பத்தடி மண்ணும் அவருடையதுதான். ஏதாவது நட்டுக்கொள் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னவரும் அவரே. தக்காளி நடுவேன் என்று நினைத்திருப்பார்.

அந்த மரம் எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கரூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் மூன்று வருடம் தாவரவியல் எடுத்தவள் நான். கல்யாணமாகி, தொண்ணூற்று மூன்றில் நியூ ஜெர்சிக்கு வந்து இறங்கியபோது, இந்த நாட்டில் நான் வேலை பார்க்கக் கூடாது என்று விசா சொன்னது. கணவர் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர், நான் அவரைச் சார்ந்தவள். டிபெண்டன்ட். எந்தப் படிவத்தை நிரப்பினாலும் அந்த வார்த்தைக்கு எதிரில் ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் அடிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அரிசி, குளிர்கோட்டு, பஸ் டிக்கெட் எல்லாம் அவர் சம்பாத்தியம். ஒரு நாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை. அவர் நல்லவராக இருப்பதே சில நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த ஊரில் என் கைபட்டு உருவான ஒரே பொருள் அந்த அத்திதான்.

நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் எதிர்வீட்டின் பக்கவாட்டில் ஓர் உருவம் நின்றது. ஆளைவிடக் கொஞ்சம் உயரம். கறுப்புத் தார்த்தாளை உடம்பெல்லாம் சுற்றி, கயிற்றால் வரிந்து கட்டி, தலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்திருந்தார்கள். டிசம்பரில் அதன்மேல் பனி விழுந்தது, ஜனவரியில் அதன் இடுப்புவரை பனி நின்றது. அது என்ன என்று கணவரைக் கேட்டேன். "ஏதாச்சும் பைப்பா இருக்கும்," என்றார். அவருக்குத் தெரியாதது எல்லாமே பைப்தான்.

மே மாதத்தில் அந்த வீட்டு இத்தாலியக் கிழவர் அதை அவிழ்த்தார். உள்ளே மரம் இருந்தது. அவர் நாலைந்து கொம்புகளை வெட்டிக் கட்டாகக் கட்டி, குப்பை வண்டிக்காகச் சாலையோரம் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். வெட்டிய முனையில் பால் வடிந்து நின்றது. ஆல், அரசு, அத்தி என்று மூன்று வருடம் கரும்பலகையில் எழுதிய குடும்பம் நியூ ஜெர்சியின் நடைபாதையில் கிடந்தது. அமராவதிக் கரையில் தண்டோடு ஒட்டிக் கொத்துக்கொத்தாய்க் காய்க்குமே, அது வேறு அத்தி. அதை யாரும் நட்டுப் பார்த்ததில்லை, குருவிதான் நடும். இது சீமை அத்தி. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மூன்று குச்சிகளை உருவி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். குப்பையில் கைவைத்தேன் என்று தெரிந்திருந்தால் என் அம்மா அங்கிருந்தே குதித்திருப்பாள்.

காலித் தயிர் டப்பாக்கள் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு அடுக்கு இருக்கும். ஒன்றில் மண் போட்டுக் குச்சிகளை ஊன்றினேன். இரண்டு அழுகின. ஒன்று துளிர்த்தது. ஒரு வருடம் தொட்டியிலேயே வளர்த்து, குளிரில் மாடிப்படிக்கட்டில் வைத்துக் காப்பாற்றி, தொண்ணூற்று ஐந்து மே மாதம் கராஜ் சுவரோரம் தரையில் நட்டேன். தெற்குப் பார்த்த செங்கல் சுவர், பகல் முழுக்க வெயில் வாங்கும் இடம். அந்தத் தேர்வு சரியாகத்தான் இருந்தது. பிறகு செய்ததெல்லாம் தப்பு.

முதல் தப்பில் என் கணவருக்கும் பங்கு உண்டு. புது மெத்தை வந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து, "இத மாட்டி விடு புள்ள, ஒரு சொட்டுக் காத்து போகாது," என்றார். போகவில்லைதான். வெயிலடித்த நாட்களில் உள்ளே வேர்த்து ஒழுகி, இரவில் அதே வேர்வை உறைந்து, மார்ச்சில் பிரித்தபோது பூஞ்சைக்காளான் வாடை முகத்தில் அடித்தது. கொம்புகள் கையோடு ஒடிந்து வந்தன. செடி மூச்சு விடும், நீராவியை வெளியே விடும் என்று எத்தனை பிள்ளைகளை எழுதவைத்து மார்க் போட்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு நானே முட்டை மார்க் போட்டுக்கொண்டேன்.

ஆனால் ஜூன் மாதம் வேரிலிருந்து நாலு முளை கிளம்பியது. தலை போனாலும் அத்தி அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்தக் கோடை முழுக்க அது வளர்ந்தது, காய்த்தது, பழுக்க நேரமில்லாமல் அக்டோபரில் கறுத்தது. சிக்கல் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு வருடமும் தரையிலிருந்து ஆரம்பித்தால் காய் பழுக்கவே பழுக்காது. பழைய கொம்பு குளிரைத் தாண்டி உயிரோடு வந்தாக வேண்டும். அதுதான் ஒரே வழி.

நூலகத்தில் இருந்த தோட்டப் புத்தகங்களை வரிசையாகப் படித்தேன். மூச்சு விடும் துணியால் சுற்ற வேண்டும், சணல் சாக்கு உத்தமம் என்று எல்லாப் புத்தகமும் சொன்னது. சாக்குக்கு நான் எங்கே போவேன் என்று நினைத்தபடியே சமையலறைக்கு வந்தால், மூலையில் பாசுமதி அரிசி சணல் சாக்கில் உட்கார்ந்திருந்தது.

அந்த வருடத் தீபாவளிச் சாப்பாட்டுக்கு ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடினோம். ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுவரும் விருந்து. நான் கொண்டுபோன தக்காளிச் சோற்றைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே ஆரம்பித்துவிடுவேன். "உங்க வீட்ல காலி அரிசிச் சாக்கு இருக்குங்களா?"

"எதுக்குங்க, அரிசிக் கடை ஓப்பன் பண்றீங்களா?" என்று கேட்டார் எடிசன் ஊரில் இருந்து வந்த ஓர் அம்மா.

"மரத்துக்குப் போத்தி விடறதுக்குங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் வடையைப் பார்த்தார்.

சிரித்தாலும் கொடுத்தார்கள். பிறகு யார் வீட்டுக்குப் பிறந்தநாளுக்குப் போனாலும், திரும்பும்போது எங்கள் கார் டிக்கியில் இரண்டு சாக்கு இருக்கும். பழைய துணி போட்டு வைத்திருந்த சாக்கை எனக்காகக் காலி பண்ணிக் கொடுத்தவர்களும் உண்டு. நவம்பர் கடைசியில், இலையெல்லாம் உதிர்ந்த பிறகு, கொம்புகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் ஒன்றோடொன்று தைத்து, மூன்று சுற்று சுற்றினேன். இடைவெளியில் காய்ந்த ஓக் இலைகளை அடைத்தேன். மழைநீர் உள்ளே இறங்காமல் தலையில் ஒரு காலிப் பெயிண்ட் வாளி. சாக்குகளில் அச்சடித்திருந்தபடி ஒரு பக்கம் யானைப் படம், ஒரு பக்கம் மயில் படம். வார இறுதியில் எங்கள் வீட்டுக்கு வந்த சிநேகிதர் ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பின்னால ஏதோ சாமி வெச்சிருக்கீங்க போல," என்றார். என் கணவர், "ஆமாங்க, தினமும் பூஜை நடக்குது," என்றார்.

அந்தக் குளிரை மரம் தாண்டிவிட்டது. மார்ச் கடைசியில் சாக்கின் ஓர் ஓரத்தைத் தூக்கி, பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். பச்சை. அடுத்த கொம்பிலும் பச்சை. நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. அதில் யாருக்கும் பங்கில்லை. வருடா வருடம் ஜனவரியில் அம்மா ஊரிலிருந்து தினசரிக் காலண்டர் அனுப்புவாள். கணவர் கார் வாங்கும்போது அதில் ராகு காலம் பார்த்தார் என்று இரண்டு நாள் கேலி பண்ணியவள் நான். அந்த ஏப்ரலில், சித்திரை ஒன்றாம் தேதித் தாளைக் கிழிக்கும்போது, இன்றைக்கு அவிழ்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நல்ல நாள் என்பதுகூடப் பெரிய காரணமில்லை. சித்திரை பிறந்துவிட்டால் குளிர் போயே போய்விட்டது என்று என் உடம்பு நம்பியது. சித்திரை என்றால் கத்திரி, தார் உருகும் ரோடு, மொட்டை மாடியில் வடகம். இருபத்தேழு வருடம் அப்படித்தான் இருந்தது. அதற்குத் தோதாக அந்த வாரம் நியூ ஜெர்சியிலும் நல்ல வெயில். மாங்காய்ப் பச்சடி செய்து வைத்துவிட்டு, காலண்டரில் போட்டிருந்த நல்ல நேரத்தில், சாக்கைப் பிரித்து மரத்தை வெளியே விட்டேன்.

எதிர்வீட்டுக் கிழவரின் வாளி இன்னும் கவிழ்ந்தே இருந்தது. பார்த்தேன். பாவம், வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். என் கர்வத்துக்கு அளவே இல்லை.

ஆறு நாளில் எல்லா நுனியிலும் துளிர். ஏழாம் நாள் காலை எழுந்து பார்த்தால் கார்க் கண்ணாடிகளில் வெள்ளையாய் உறைபனி படிந்திருந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். துளிர்கள் வேகவைத்த கீரை போலத் தொங்கின. ஒரு வாரம் கழித்துப் பட்டையைச் சுரண்டினேன். பழுப்பு. கீழே வரவரப் பழுப்பு. குளிர்காலம் முழுக்கத் தாக்குப்பிடித்த மரத்தைச் சித்திரை மாதத்தில் கொன்றேன். இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கணவர் தயங்கித் தயங்கி, "அந்தக் காலண்டர்ல போட்ட நேரம் மெட்ராஸ் நேரமாச்சே அம்மிணி," என்றார். அவரை அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்பது எழுத்தில் வேண்டாம்.

மறுபடி வேரிலிருந்து முளைத்தது, மறுபடி காய்த்தது, மறுபடி காயாகவே நின்றது. அந்த அக்டோபரில்தான் ஹவுஸ் ஓனர் அம்மா குப்பைத்தொட்டியோடு வந்து கெடு வைத்தார். கெடு முடியப் பதினொரு மாதம் இருந்தது. அதற்குள் ஒரு குளிர்காலம், ஒரு வசந்தம், ஒரு கோடை. எதிலும் தப்புச் செய்ய இடமில்லை.

அந்த நவம்பரில் நாலு சுற்றுச் சுற்றினேன். ஜனவரியில் காற்று வாளியைத் தூக்கி எறிந்தபோது, பனியில் முட்டி வரை புதைந்து போய்த் தேடியெடுத்து, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தேன். இதெல்லாம் எனக்குச் சிரமமாகத் தெரியவில்லை. சிரமம் ஏப்ரலில் வந்தது. போன வருடத்தைவிட அந்த வருட ஏப்ரல் இன்னும் சூடு. செர்ரி பூத்தது, பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு சைக்கிள் விட்டார்கள். சித்திரை ஒன்று வந்தது. நான் பச்சடி செய்து சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

"உள்ள அதுக்குப் புழுக்கமா இருக்காதா?" என்றார் கணவர்.

"இருக்கட்டுங்க."

"போன வருஷம் மாதிரி இல்ல இந்த வருஷம். ஃபோர்காஸ்ட்டே நல்லாத்தான் சொல்றான்."

"எதிர்வீட்டு வாளி எறங்குனாத்தான் நம்ம வாளியும் எறங்கும்."

அந்தக் கிழவரும் நானும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு என் ஆங்கிலம் புரியாது, எனக்கு அவருடையது புரியாது. ஆனால் தினமும் காலை காப்பியோடு ஜன்னலில் நின்று அவர் வாளியைப் பார்ப்பது எனக்கு வேலையாகிவிட்டது. ஏப்ரல் போனது. மே முதல் வாரம் போனது. கணவர் இந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டு, ஆபீசிலிருந்து போன் பண்ணி, "வாளி?" என்று மட்டும் கேட்பார். "இருக்குதுங்க," என்பேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை வாளி இல்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டு இறங்கினேன்.

தையலைப் பிரித்து, இலைகளை வாரிக் கொட்டி, கயிற்றை அவிழ்த்தேன். கொம்புகள் ஒன்றையொன்று விட்டு மெல்ல விலகின. அடியில் சுரண்டினேன், பச்சை. நடுவில் பச்சை. உச்சிக் கொம்பை வளைத்து நகத்தை வைத்தேன். அங்கேயும் பச்சை. என் தோளுக்குச் சரியாக நின்ற ஒரு முழு மரம், கொம்போடும் மொட்டோடும் மே மாதத்தில் நின்றுகொண்டிருந்தது. நிமிர்ந்தால், கராஜுக்குக் கார் வரும் பாதை வழியே, சாலைக்கு அந்தப் பக்கம் கிழவர் தன் தார்த்தாளைச் சுருட்டியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பழைய கொம்பில் வந்த நாலைந்து பிஞ்சு ஜூனில் உதிர்ந்தது. நான் பதறவில்லை, புதுக் கொம்பில் வருவதுதான் கணக்கு. ஐந்து இலை விட்டதும் ஒவ்வொரு நுனியையும் கிள்ளினேன், வளர்வதை நிறுத்திவிட்டுக் காய்க்கட்டும் என்று. ஜூலை முதல் வாரத்தில் இலைக் காம்பின் அடியில் பச்சை மணிகள் எட்டிப்பார்த்தன. போன வருடத்தைவிட ஐந்து வாரம் முந்தி. எண்ணினேன், முப்பத்தொன்று. ஒரு மாதம் மளமளவென்று பெருத்தன. பிறகு நின்றுவிட்டன. ஆகஸ்ட் முதல் வாரம் எப்படி இருந்தனவோ அப்படியே மூன்றாம் வாரமும் இருந்தன. தொட்டால் கல். அத்தி அப்படித்தான் கடைசியில் நின்று போகும், பிறகு ஒரே வாரத்தில் பழுக்கும் என்று புத்தகம் சொன்னது. எந்த வாரம் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கான்கிரீட்காரர் வந்து அளந்தார். பெயிண்ட் டப்பாவை அமுக்கித் தரையில் ஆரஞ்சு நிறக் கோடு ஒன்று தெளித்துக்கொண்டே வந்தவர், மரத்தடியில் நிற்காமல் வேர்மேலேயே கோட்டை இழுத்துக்கொண்டு போனார். லேபர் டே திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை வேலை ஆரம்பம் என்று ஹவுஸ் ஓனர் அம்மா மாடியைப் பார்த்துச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் இல்லை. பஸ் ஓட்டியவர், நேரத்துக்குக் கிளம்பித்தான் பழக்கம்.

நூலகப் புத்தகம் ஒன்றில் ஒரு மூலையில் வந்த செய்தி அப்போது ஞாபகம் வந்தது. காயின் கண்ணில், அதாவது அடியில் இருக்கும் சின்னத் துளையில், ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் தொட்டு வைத்தால் சீக்கிரம் பழுக்கும் என்று போட்டிருந்தது. அதில் விஷயம் உண்டு என்று எனக்குத் தெரியும். பழுக்கவைக்கும் வாயு உள்ளேயே சுரக்கும், எண்ணெய் அதைத் தூண்டிவிடும். எங்கள் வீட்டில் ஆலிவ் எண்ணெய் ஏது? நல்லெண்ணெய்தான் இருந்தது.

காது குடையும் பஞ்சுக்குச்சியை எண்ணெயில் தோய்த்துக்கொண்டு நான் கிளம்பியதை வாசலில் நின்று பார்த்தார் கணவர். "எண்ணெய்க் குளியலா? சனிக்கிழமையா வெள்ளிக்கிழமையா?"

"பொம்பள மரங்க. வெள்ளிக்கிழமை."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழம் தரும் அத்தி பெண் மரம்தான், நாள் வெள்ளிக்கிழமையாகவும் இருந்தது. கீழ்க்கொம்பில் கண் லேசாகச் சிவந்திருந்த மூன்று காய்களுக்கு மட்டும் வைத்தேன். மற்றதை விட்டுவைத்தேன். வாத்தியார் புத்தி, எண்ணெய் வைத்ததையும் வைக்காததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. நாலாம் நாளே தெரிந்தது. எண்ணெய் வைத்த மூன்றும் வீங்கின, பச்சை மங்கி ஊதா ஏறியது. மற்ற இருபத்தெட்டும் அசையவில்லை.

லேபர் டேக்கு முந்தின சனிக்கிழமை காலை முதல் பழம் தயார். காம்பு வளைந்து தலை தொங்கியிருந்தது. தோலில் இரண்டு கீறல், கண்ணில் தேன் மாதிரி ஒரு துளி. மற்ற இரண்டின் கழுத்து இன்னும் விறைப்பாக இருந்தது. கையை அடியில் கொடுத்ததும் பழம் தானாகக் கழன்று வந்தது, வெயிலில் இருந்த சூட்டோடு. அதைக் கொண்டுபோய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். நியாயமான எவளும் அதைத்தான் செய்வாள். நான் மரத்தடியில் நின்றபடியே அதைத் தின்றேன். தோலோடு, விதை பல்லில் நெறுநெறுக்க, கை முட்டிவரை சாறு வழிய, முழுதாகத் தின்றேன்.

மாடி ஜன்னலில் இருந்து பார்த்துவிட்ட கணவர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "என்ன பண்ணிட்ட? அது அவங்களுக்குக் குடுக்க வேண்டியதில்ல?"

"அடுத்தது அவங்களுக்கு."

"அடுத்தது திங்கக்கிழமைக்குள்ள பழுக்கலீன்னா?"

"பழுக்கும். இந்த ஊருக்கு வந்து அஞ்சு வருஷமாச்சு. நானாச் சம்பாதிச்சு ஒண்ணு சாப்பிடலீங்க. இன்னிக்குச் சாப்பிட்டேன். போதுங்களா?"

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஈரத் துணி எடுத்து வந்து கொடுத்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. துக்கத்தில் இல்லை. அப்படி ஒரு ருசி அது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அணில் இரண்டாவதை எடுத்துக்கொண்டு போனது. நான் சோறு வடிக்கப் போன பத்து நிமிடத்தில் நடந்த காரியம். வேலிமேல் உட்கார்ந்து பாதியைத் தின்று, மீதியை என் கண்ணெதிரே கீழே போட்டது. அப்போது எனக்குப் பயம் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, அதன் கழுத்து இன்னும் நிமிர்ந்தே இருந்தது. கணவர் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டு, செய்தித்தாளோடு உட்கார்ந்தார். இருட்டும்வரை முறைவைத்துக் காவல் இருந்தோம். பிறகு தேநீர் வடிகட்டியைப் பழத்தைச் சுற்றிக் கவிழ்த்துக் கட்டிவிட்டு மேலே போனோம். அவர் பிறகு அத்தியைக் கேலி பண்ணியதே இல்லை. காவல் இருந்ததில் அது அவருக்கும் மரமாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை வடிகட்டியை அவிழ்த்தேன். கழுத்து வளைந்திருந்தது.

எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்துப் போனேன். ஹவுஸ் ஓனர் அம்மா வீட்டுக்குப் பின்னால் கரி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழத்தை வாங்கி மோந்து பார்த்தார். பிஸ்கட்டுக்குள் வரும் அத்தியைச் சாப்பிட்டிருக்கிறேன், இப்படிப் பழமாகப் பார்த்ததில்லை என்றார். தோலை உரிக்க வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பாதியைக் கடித்தார். கடித்த இடத்தைப் பார்த்தார். மீதியையும் வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றார். அவ்வளவு நேரமும் அடுப்பைத் துடைக்கும் துணி அவர் கையிலேயே இருந்தது.

"இன்னும் இருக்கிறதா?" என்றார்.

"இருபத்தெட்டு இருக்கிறது," என்றேன். "ஆனால் எல்லாம் மரத்தில். பழுக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை மரம் நிற்க வேண்டுமே."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்தார். துணியை அடுப்பின்மேல் போட்டுவிட்டு உள்ளே போனார். வலைக்கதவு திறந்தே கிடந்தது. விடுமுறை நாளானதால் கான்கிரீட்காரர் போனை எடுக்கவில்லை போலிருக்கிறது. பதிவு இயந்திரத்திடம், பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரலில் அவர் சத்தமாகச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"நாளைக்கு வர வேண்டாம். அங்கே என்னால் கான்கிரீட் போட முடியாது. அங்கே ஒரு மரம் இருக்கிறது."

மாடிக்குப் போய்க் கணவரிடம் சொல்ல வேண்டும் என்று படியில் கால் வைத்தேன். வைத்த காலை எடுத்துவிட்டு, கராஜுக்குள் போய் அரிசிச் சாக்குகளை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாக உதறி வேலியில் வெயிலுக்கு விரித்தேன். நவம்பருக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.